ஆயில் என்ஜினில் தட்டும் சத்தமா? கனெக்டிங் ராடு பேரிங்கைக் கவனியுங்கள்

பயிர் தண்ணீருக்கு ஏங்கும் நேரத்தில்தான் ஆயில் என்ஜின் தகராறு செய்யும் என்பது உழவர்கள் அனைவரும் அறிந்ததே. கதிர் வெளிவரும் தறுவாயில் ஒரு வாரம் தண்ணீர் தடைப்பட்டாலும் மணி பிடிப்பது குறைந்துவிடும். அதனால், என்ஜினில் "டொக், டொக்" என்று சத்தம் கேட்டாலும், "இந்தப் பாய்ச்சல் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் தொடர்ந்து ஓட்டுகிறார்கள். சத்தம் கேட்ட அன்றே நிறுத்திப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு செட் பேரிங்கோடு செலவு முடிந்துவிடும். பல நாள் ஓட்டியபின் பார்த்தால் கிராங்க் ஷாப்ட், கனெக்டிங் ராடு, சில சமயம் என்ஜின் பாடியே போய்விடும். மின் இணைப்பு இல்லாமல் டீசல் என்ஜினை நம்பிப் பயிர் செய்யும் சிறு விவசாயிக்கு இது தாங்க முடியாத இழப்பு.

கனெக்டிங் ராடையும் அதன் பேரிங்குகளையும் எப்போது மாற்ற வேண்டும், எப்படி மாற்ற வேண்டும், வேலையைப் பட்டறையில் கொடுத்தால் எதை எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

கனெக்டிங் ராடின் வேலை

சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடுவது பிஸ்டன். சுற்றிச் சுழல்வது கிராங்க் ஷாப்ட். இவ்விரண்டையும் இணைக்கும் இரும்புத் தண்டே கனெக்டிங் ராடு. இதன் மேல்முனை சிறியது. அதில் வெண்கலப் புஷ் இருக்கும். பிஸ்டன் பின் அதனுள்ளே அசைந்தாடும். கீழ்முனை பெரியது. அது இரண்டாகப் பிரியக்கூடியது. பிரியும் பாதிக்கு 'கேப்' என்று பெயர். இரண்டு பாதியிலும் அரை வட்டமான பேரிங் ஷெல்கள் உட்கார்ந்திருக்கும். இந்த ஷெல்களுக்கு நடுவேதான் கிராங்க் பின் சுழல்கிறது.

நம் பக்கத்தில் இரண்டு வகை என்ஜின்கள் அதிகம். ஒன்று, பெரிய பிளைவீல்களுடன் நிமிடத்திற்கு 650 சுற்று ஓடும் மெதுவோட்ட என்ஜின். இது இங்கிலாந்தின் லிஸ்டர் என்ஜினைப் பின்பற்றி ராஜ்கோட் போன்ற இடங்களில் செய்யப்படுவது. மற்றொன்று, 1500 சுற்று ஓடும் வேகமான 5 குதிரைத்திறன் என்ஜின். மெதுவோட்ட என்ஜின் ஒரு நாளில் 8 மணி நேரம் ஓடினால் கிராங்க் ஷாப்ட் 3,12,000 முறை சுற்றுகிறது. வேக என்ஜினில் இது 7,20,000 முறை.

வேக என்ஜினில் 80 மி.மீ. சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். டீசல் எரியும்போது உண்டாகும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோ என்று கொண்டால், பிஸ்டன் மீது விழும் அடி சுமார் 3 டன். அத்தனையும் கனெக்டிங் ராடு வழியாகப் பேரிங்கின் மீது இறங்குகிறது. இந்த அடியைத் தாங்குவது பேரிங்குக்கும் கிராங்க் பின்னுக்கும் இடையே உள்ள மெல்லிய எண்ணெய்ப் படலமே. எண்ணெய் அறுந்துபோனால் இரும்பும் பேரிங் உலோகமும் நேராக உரசும். சில நிமிடங்களில் பேரிங் உருகிவிடும்.

பேரிங் கெடுவதற்குக் காரணங்கள்

1. எண்ணெய் மட்டம் குறைதல். மெதுவோட்ட என்ஜின்களில் கேப்பின் அடியில் ஒரு சிறு கரண்டி போன்ற பாகம் உண்டு. அது எண்ணெயை வாரி இறைத்துத்தான் பேரிங்குக்கு எண்ணெய் போகிறது. மட்டம் குறைந்தால் கரண்டிக்கு எண்ணெய் எட்டாது.

2. எண்ணெயில் டீசலோ தண்ணீரோ கலத்தல். நாசில் ஒழுகினால் டீசல் இறங்கி எண்ணெய் நீர்த்துவிடும். ஹெட் கேஸ்கட் பழுதானால் தண்ணீர் இறங்கி எண்ணெய் மோர்போல வெளுக்கும்.

3. ஏர் கிளீனர் இல்லாமலோ, சுத்தம் செய்யாமலோ ஓட்டுதல். களத்துத் தூசி உள்ளே போய் எண்ணெயோடு கலந்து எமரிபோலத் தேய்க்கும்.

4. என்ஜினின் திறனுக்கு மீறிய பெரிய பம்பைப் பூட்டுதல்.

5. டீசல் பம்பின் டைமிங்கை அளவுக்கு மேல் முன்தள்ளி வைத்தல். பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும் முன்பே அடி விழுவதால் பேரிங் நசுங்கும்.

பேரிங்கை மட்டும் மாற்றி, கெட்ட காரணத்தை விட்டுவிட்டால் புதுப் பேரிங்கும் அதே வழியில் போகும்.

எந்தச் சத்தம் எதனால்?

என்ஜினில் எழும் தட்டல் எல்லாம் கனெக்டிங் ராடு பேரிங்கால் வருவதல்ல. பெரிய முனைப் பேரிங் தேய்ந்திருந்தால் கனமான, அமுங்கிய அடி கேட்கும். பம்பு தண்ணீர் இறைக்கும்போது சத்தம் கூடும். மேல்முனைப் புஷ் தேய்ந்திருந்தால் சுத்தியலால் மெல்லத் தட்டுவதுபோல் கூர்மையாகக் கேட்கும். என்ஜின் சுமையின்றி மெதுவாக ஓடும்போதும் அது தெரியும்.

என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் சில விநாடிகள் டீசலை நிறுத்திப் பாருங்கள். பிளைவீலின் வேகத்தில் என்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது சத்தம் நன்றாகக் குறைந்தால் பேரிங்கையோ, புஷ்ஷையோ, டைமிங்கையோ சந்தேகிக்கலாம். டீசல் நின்ற பிறகும் சத்தம் சிறிதும் மாறாவிட்டால் பிளைவீல் சாவி தளர்ந்திருக்கிறதா, புல்லி ஆடுகிறதா, வால்வு இடைவெளி சரியா என்று முதலில் பாருங்கள். பிளைவீல் சாவி தளர்ந்த சத்தத்தைப் பேரிங் சத்தம் என்று எண்ணி என்ஜினைப் பிரித்துப்போட்டு வீண் செலவு செய்தவர்கள் உண்டு.

அடுத்து எண்ணெயை வடித்துப் பாருங்கள். ஒரு வெள்ளைத் தட்டில் சிறிது எண்ணெயை ஊற்றி வெயிலில் சாய்த்தால், வெள்ளிபோல மினுக்கும் துகள்கள் தெரிகின்றனவா? தெரிந்தால் பேரிங் உலோகம் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதற்குமேல் ஒரு மணி நேரம்கூட ஓட்டக்கூடாது.

கையால் சோதித்தல்

டீசல் குழாயை மூடுங்கள். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றி, ஹாண்டிலை எடுத்து வையுங்கள். என்ஜினின் பக்கவாட்டிலுள்ள கதவைத் திறந்து, பெரிய முனை கைக்கு எட்டுமாறு பிளைவீலைத் திருப்பி, அது நகராதபடி இருபுறமும் கட்டை கொடுங்கள். பிறகு கனெக்டிங் ராடைப் பிடித்து மேலே தள்ளிக் கீழே இழுத்துப் பாருங்கள். "லொடக்" என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது.

ராடு பக்கவாட்டில் சிறிது நகரும். அது வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளி; அதைக் குறை என்று எண்ண வேண்டாம். மேலும் கீழும் ஆடுவதே குறை.

அதே நேரத்தில் பிளைவீலின் கீழே ஒரு நெம்புகட்டையைக் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். கிராங்க் ஷாப்ட் முழுவதுமே மேலெழுந்தால் மெயின் பேரிங்கும் போய்விட்டது. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதே சிக்கனம்.

கழற்றும் முறை

சிலிண்டர் தண்ணீரையும் எண்ணெயையும் வடித்துவிடுங்கள். டீசல் பைப், நாசில், சைலன்சர், தண்ணீர்க் குழாய், ராக்கர், புஷ் ராடு ஆகியவற்றை வரிசையாகக் கழற்றி வையுங்கள். டீசல் பைப்பின் முனைகளையும் நாசிலையும் சுத்தமான துணியால் கட்டிவிட வேண்டும். ஒரு மணல் துகள் புகுந்தாலும் நாசில் பழுதாகிவிடும்.

ஹெட் நட்டுகளை ஒரே மூச்சில் கழற்றாமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஹெட்டை எடுத்தபின் சிலிண்டரின் மேல்விளிம்பில் படிந்திருக்கும் கரியைச் சுரண்டி எடுங்கள். இல்லையேல் பிஸ்டனை மேலே எடுக்கும்போது ரிங் உடையும்.

இனிக் கனெக்டிங் ராடு. கழற்றும் முன்பே ராடிலும் கேப்பிலும் ஒரே பக்கத்தில் அடையாளக் குறி அல்லது எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மையப் பஞ்சால் மெல்லக் குத்திக் குறியிடுங்கள். ராடின் எந்தப் பக்கம் கதவைப் பார்த்திருந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கேப்பும் ராடும் தொழிற்சாலையில் சேர்த்துக் கடையப்பட்டவை. ஒன்றின் கேப்பை மற்றொன்றுக்குப் போடவோ, முன்பின்னாகத் திருப்பிப் போடவோ கூடாது.

ஸ்பிளிட் பின்னையோ, லாக் தகட்டையோ நீக்கி, நட்டுகளைத் தளர்த்தி, கேப்பை எடுங்கள். போல்ட்டுகளின் முனையில் பழைய ரப்பர் குழாய்த் துண்டுகளை மாட்டிவிட்டால் அவை கிராங்க் பின்னைக் கீறாது. பிறகு ராடைக் கீழிருந்து மரக்கட்டையால் மெல்லத் தள்ளி, பிஸ்டனோடு மேல்வழியாக வெளியே எடுக்கலாம். பிரித்த பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி, துணி விரித்த பலகையின்மீது வரிசையாக வையுங்கள். மண்தரை ஆகாது.

அளந்த பிறகே வாங்குங்கள்

இந்த வேலையில் பலர் தவறும் இடம் இதுதான். என்ஜினைப் பிரித்தவுடன் கடைக்குப் போய் ஒரு செட் பேரிங்கை வாங்கி வந்து மாட்டிவிடுகிறார்கள். கிராங்க் பின் உருண்டையாக இருந்தால்தான் புதுப் பேரிங் நிற்கும். நாளடைவில் பின் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும். அதன்மேல் புதுப் பேரிங்கைப் போட்டால் சில வாரங்களிலேயே சத்தம் திரும்பிவிடும்.

ஆகவே முதலில் கிராங்க் பின்னை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். பின்னின் இரு ஓரத்திலும், ஒவ்வோர் இடத்தில் மேல்கீழாகவும் குறுக்காகவும் ஆக நான்கு அளவுகள் எடுக்க வேண்டும். லேத் பட்டறையில் உங்கள் எதிரிலேயே அளக்கச் சொல்லி, நான்கு அளவுகளையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றுக்குள் 0.05 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தாலும், நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கீறல் இருந்தாலும் கிராங்க் ஷாப்ட்டைக் கழற்றி கிரைண்டிங் செய்ய வேண்டும்.

கிரைண்டிங் செய்தால் பின்னின் குறுக்களவு குறையும். அதற்கேற்ப உட்புறம் தடித்த 'அண்டர் சைஸ்' பேரிங்குகள் கிடைக்கின்றன. இவை வழக்கமாக 0.25, 0.50, 0.75 மி.மீ. என்ற படிகளில் வரும். ஷெல்லின் முதுகில் இந்த அளவு பொறிக்கப்பட்டிருக்கும். பெட்டியின் மேலுள்ளதை மட்டும் நம்பாமல் ஷெல்லின் முதுகையும் பாருங்கள். உங்கள் என்ஜினில் ஏற்கெனவே ஒரு முறை கிரைண்டிங் செய்திருக்கலாம். பழைய ஷெல்லின் முதுகைப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

கிரைண்டிங் முடிந்து வரும் கிராங்க் ஷாப்ட்டின் எண்ணெய்த் துவாரங்களில் கல்தூள் அடைந்திருக்கும். துவாரத்தின் அடைப்பு ஸ்குருவைக் கழற்றி, மண்ணெண்ணெய் விட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் மாட்டக்கூடாது. இந்தத் தூள் ஒன்றே புதுப் பேரிங்கைத் தின்றுவிடப் போதும்.

ராடையும் விட்டுவிடாதீர்கள். அது வளைந்தோ முறுக்கியோ இருந்தால் பிஸ்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். பிஸ்டனின் ஒரு பக்கம் மேலேயும் எதிர்ப்பக்கம் கீழேயும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கிறது என்று ஐயப்படலாம். பட்டறையில் அதற்கான ஜிக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேரிங் உருகிச் சூடேறி நீலம் பாய்ந்த ராடு, வெடிப்புக் கண்ட ராடு, கேப்பை முடுக்கிய நிலையில் துளை உருண்டையாக இல்லாத ராடு ஆகியவற்றை மீண்டும் போடாமல் மாற்றிவிடுவதே நல்லது. ராடு ஓட்டத்தில் உடைந்தால் என்ஜின் பாடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

மேல்முனைப் புஷ்

பிஸ்டன் அலுமினியமாக இருந்தால் அதைக் கொதிநீரில் சிறிது நேரம் வைத்து எடுத்தால் பின் எளிதில் கழன்றுவிடும். சுத்தியலால் அடித்துக் கழற்றினால் பிஸ்டன் கோணும், ராடு வளையும்.

பழைய புஷ்ஷை அழுத்தி எடுத்துப் புதியதை அழுத்தும்போது, புஷ்ஷின் எண்ணெய்த் துவாரமும் ராடின் துவாரமும் நேராக வர வேண்டும். மாறிப்போனால் எண்ணெய் போகாது. அழுத்திய புஷ்ஷின் உட்புறம் சற்றுச் சுருங்கும்; ஆகவே ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எண்ணெய் தடவிய பிஸ்டன் பின், கட்டைவிரலால் அழுத்தினால் வழுக்கிப் போக வேண்டும், தானாக விழக்கூடாது. பின்னின் இரு முனையிலும் வரும் சர்க்கிளிப்புகளைப் புதிதாகவே போடுங்கள்.

பேரிங் பொருத்துதல்

ஷெல் உட்காரும் இடத்தையும் ஷெல்லின் முதுகையும் சுத்தமான துணியால் துடைத்து உலர்ந்த நிலையில் மாட்ட வேண்டும். முதுகில் எண்ணெய் வேண்டாம். ஷெல்லின் ஓரத்திலுள்ள சிறு நாக்கு, ராடிலுள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். ஷெல்லின் முனைகள் ராடின் விளிம்பைவிடத் தலைமயிர் அளவு உயர்ந்து நிற்கும். அதை அரத்தால் தேய்த்துவிடாதீர்கள். கேப்பை முடுக்கும்போது ஷெல் இறுகப் பிடிப்பதற்காகவே அந்த உயரம் விடப்பட்டிருக்கிறது.

ஆட்டம் கண்ட பேரிங்கின் பின்னால் சிகரெட் அட்டை, தகரத் துண்டு ஆகியவற்றைச் செருகுவதும், கேப்பை அரத்தால் தேய்த்து இறுக்குவதும் சில இடங்களில் வழக்கம். இரண்டும் கூடா. அட்டை சூட்டை வெளியே விடாது. தேய்த்த கேப் உருண்டையாக இருக்காது. ராடிலேயே வெள்ளை உலோகம் வார்த்த பழைய என்ஜின்களில் மட்டும், கேப்புக்கும் ராடுக்கும் இடையே மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். அவற்றை எடுப்பதானால் இரு பக்கத்திலும் சம எண்ணிக்கையில் எடுக்க வேண்டும்.

இடைவெளியைப் பார்க்க எளிய வழி உண்டு. மெல்லிய ஈயக் கம்பித் துண்டை, பின்னின் நீளவாட்டில் பேரிங்குக்கும் பின்னுக்கும் நடுவே வைத்து, கேப்பை முழு அளவுக்கு முடுக்கிக் கழற்றுங்கள். இடையில் பிளைவீல் திரும்பக்கூடாது. நசுங்கிய கம்பியின் தடிப்பை மைக்ரோமீட்டரால் அளந்தால் அதுவே இடைவெளி. கையேட்டில் உள்ள அளவே முடிவானது. கையேடு இல்லாதபோது, பின்னின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். 50 மி.மீ. பின்னுக்கு 0.05 மி.மீ. ஆகும். இன்று கடைகளில் கிடைக்கும் பியூஸ் கம்பிகள் பல, வெள்ளீயப் பூச்சிட்ட தாமிரக் கம்பிகளே. அவற்றை வைத்து முடுக்கினால் பேரிங் தடம் பதிந்து கெடும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் ஈயக் கம்பியே வேண்டும்.

இடைவெளி சரியாக இருந்தால், சிலிண்டர், பிஸ்டன், பேரிங், பின் எல்லாவற்றிலும் புது என்ஜின் ஆயிலைத் தாராளமாகத் தடவி, ரிங் வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் வராதபடி திருப்பி வைத்து, பிஸ்டனை இறக்குங்கள். முன்பு எழுதிவைத்த குறிப்பின்படி ராடின் பக்கம் மாறாமல் இருக்க வேண்டும். இரு நட்டுகளையும் மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக, டார்க் ஸ்பானரால் கையேட்டு அளவுக்கு முடுக்குங்கள். பழைய கனெக்டிங் ராடு போல்ட்டைத் திரும்பப் போடுவது பொய்ச் சிக்கனம். பல லட்சம் முறை இழுபட்ட அந்தப் போல்ட் ஒரு நாள் சொல்லாமல் அறும். ஸ்பிளிட் பின்னும் புதிதாகவே இருக்க வேண்டும்.

முடுக்கியபின் பிளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கும் பிடிக்காமல் சீராகச் சுற்ற வேண்டும். கேப்பிலுள்ள எண்ணெய்க் கரண்டி எங்கும் தட்டக்கூடாது. ஹெட்டை மாட்டும்போது பிஸ்டன் தலைக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியையும் ஈயக் கம்பியை நசுக்கியே சரிபாருங்கள். ராடோ கேஸ்கட்டோ மாறியிருந்தால் இந்த இடைவெளியும் மாறும்.

முதல் ஓட்டம்

சம்பைத் துடைத்துப் புது எண்ணெய் ஊற்றுங்கள். நம் வெயிலுக்கு எஸ்.ஏ.இ. 30 பொதுவாக ஏற்றது. கையேடு வேறு கூறினால் அதன்படி செய்க. டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, டீசல் இல்லாமல் ஹாண்டிலால் நன்றாகச் சுற்றினால் எண்ணெய் எங்கும் பரவும். பிறகு ஸ்டார்ட் செய்து, பெல்ட் பூட்டாமல் அரை மணி நேரம் மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்திச் சூடு சற்றுத் தணிந்ததும் கதவைத் திறந்து, பெரிய முனையைத் தொட்டுப் பாருங்கள். மற்றப் பாகங்களைவிட அது மட்டும் அதிகமாகச் சுட்டால் பேரிங் இறுக்கமாக இருக்கிறது. திரும்பக் கழற்றிப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் சில மணி நேரம் பாதிச் சுமையில் ஓட்டியபின் முழுச் சுமை கொடுக்கலாம். முதல் எண்ணெயை 50 மணி நேரத்திற்குள் மாற்றிவிடுங்கள்.

கிணற்றுக்குள் படியில் இறக்கி வைத்த என்ஜினைச் சோதித்து ஓட்டும்போது புகைக்குழாய் கிணற்றுக்கு வெளியே இருக்க வேண்டும். புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது. கிணற்றில் மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் மாண்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

எப்போது செய்வது?

அறுவடை முடிந்து அடுத்த நடவுக்கு முன் கிடைக்கும் ஓய்வு நாட்களே இதற்கு ஏற்ற காலம். ஒவ்வோர் ஆண்டும் அப்போது கதவைத் திறந்து பேரிங் ஆட்டத்தைச் சோதித்துவிட்டால், பாசனக் காலத்தில் என்ஜின் நிற்க நேராது. என்ஜின் ஓடிய மணிக்கணக்கைப் பம்ப் கொட்டகைச் சுவரிலோ ஒரு நோட்டிலோ குறித்து வாருங்கள். தினமும் ஓட்டும் முன் எண்ணெய் மட்டம் பாருங்கள். கையேட்டில் கூறியபடி எண்ணெயை மாற்றுங்கள். கையேடு இல்லாதவர்கள் 100 மணி நேரத்திற்கு ஒரு முறை மாற்றினால் தவறில்லை.

பாசனத்தின் நடுவே சத்தம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? நிறுத்திவிட்டுப் பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் ஒரு பாய்ச்சலுக்குத் தண்ணீர் கேளுங்கள், அல்லது இரண்டு நாளைக்கு வாடகை என்ஜின் பிடியுங்கள். அந்தச் செலவு, உடைந்த கிராங்க் ஷாப்ட்டின் விலைக்கு முன் மிகச் சிறியது. அந்த இரண்டு நாளில் பேரிங்கை மாற்றிவிட்டால் மீதிப் பருவம் முழுவதும் உங்கள் என்ஜின் உங்கள் பயிருக்கு நீர் இறைக்கும்.